மூன்று வழியிலும் இல்லாதவர்

செஞ்சியில் திண்டிவனம் ரோட்டு மளிகைக்கடையின் மாடியில் உட்கார்ந்து மகள் இந்துமதி என்ன வேலை பார்க்கிறாள் என்பது கடைக்காரர் வர்த்தமானுக்கு இன்றுவரை பிடிபடவில்லை. யாராவது கேட்டால், "ஆஸ்பத்திரி விவரத்தை எல்லாம் கம்ப்யூட்டர்ல பாக்குது" என்று சொல்லிவிட்டுப் பருப்பு நிறுக்கப் போய்விடுவார்.

அவர் சொன்னது தப்பில்லை. பல தனியார் ஆஸ்பத்திரிகளின் பதிவுகளை வைத்துப் பராமரிக்கும் சென்னைக் கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை. ஆனால் நோயாளியின் பெயரும் விலாசமும் இருக்கும் மூலப் பதிவை அவளால் திறக்க முடியாது. அதிலிருந்து சில விவரங்களை மட்டும் எடுத்துக் காட்டும் 'வியூ'க்கள்தான் அவள் கண்ணுக்குத் தெரியும். டாக்டர்கள் கேட்கும் கேள்விகளுக்கு அவற்றை வைத்தே பதில் சொல்ல வேண்டும். வியூவில் இல்லாத சில விஷயங்களும் ஆஸ்பத்திரி விதிகளைச் சேர்த்துப் பார்த்தால் நிச்சயமாகிவிடும். பிரசவ வார்டு வியூவில் ஆணா பெண்ணா என்று போடாவிட்டாலும், அங்கே சேர்க்கப்படுகிறவர்கள் பெண்கள்தான் என்ற விதி இருக்கிறதே! எது நிச்சயம், எது இருக்கலாம் என்று பிரித்துச் சொல்வதில் அவள் கெட்டிக்காரி.

பள்ளிக்கூடத்திலிருந்தே அவளுக்கு ஒரே தோழி ஸ்டெல்லா. கிறிஸ்துமஸுக்கு இந்த ஜைன வீட்டுக்கென்று முட்டை போடாமல் தனியாகக் கேக் செய்து கொண்டு வருகிறவள். அவள் புருஷன் அலெக்சாண்டர், நாற்பத்து மூன்று வயது, கட்டடங்களில் கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும் சென்ட்ரிங் வேலைக்காரர். வாராவாரம் வேனேறிச் சென்னைக்குப் போய் வருவார். இந்துமதியின் அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது, கிடைப்பதற்கு அரிய ஏபி நெகட்டிவ் ரத்தம் தேவைப்பட்டது. அலெக்சாண்டர் சாரத்திலிருந்து இறங்கி, சிமெண்ட் ஒட்டிய சட்டையோடு வந்து கொடுத்துவிட்டுப் போனார். அம்மா அதன்பிறகு இரண்டு வருஷம் இருந்தாள்.

போன ஆனி மாதம் ஒரு திங்கட்கிழமை. காலைச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டெல்லா மூச்சிரைக்க மாடியேறி வந்தாள்.

"இந்து, அவரு போன வேன் பைபாஸ்ல கவுந்துடுச்சாம்டி. போன் அடிச்சா ஸ்விட்ச் ஆஃப்னு வருது. அடிபட்டவங்களை எல்லாம் ஒரே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போனாங்களாம். அங்க போன் பண்ணா யாரும் எடுக்க மாட்டேங்கறாங்க."

இந்துமதி ஆஸ்பத்திரியின் பெயரைக் கேட்டாள். அவள் கம்பெனியின் பொறுப்பில் இருந்த ஆஸ்பத்திரி அது.

"அவரு வேன்ல ஏறுனது உறுதியா?"

"ஏறிட்டு போன் பண்ணாருடி. ஜன்னல் சீட்டு கிடைச்சுதுன்னாரு. உன் கம்ப்யூட்டர்ல கொஞ்சம் பாரேன்."

"எனக்குப் பேரு தெரியாது ஸ்டெல்லா. அப்படி யாரையும் தேடவும் கூடாது."

"எனக்காகப் பாரு."

இந்துமதி பார்த்தாள். அவசரப் பிரிவு வியூவில் பெயர் கிடையாது. வயது, பாலினம், ரத்த வகை, வந்த நேரம், போட்ட ஊசி மருந்து இவ்வளவுதான். மேலிருந்து கீழே வந்த கண் ஒரு வரியில் நின்றுவிட்டது. ஆண், நாற்பத்து மூன்று, ஏபி நெகட்டிவ். எதிரே அந்தப் படுக்கை காலி என்ற குறி.

அவசரப் பிரிவிலிருந்து உயிரோடு வெளியேற மூன்றே வழி. வீட்டுக்குப் போக வேண்டும், வார்டுக்குப் போக வேண்டும், இல்லை வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். மூன்றுக்கும் தனித்தனி வியூ உண்டு. வீட்டுக்குப் போனவர்களில் அந்த வரி இல்லை. வார்டிலும் இல்லை. வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவர்களின் வியூ மட்டும் மதியம்தான் புதுப்பிக்கப்படும். நான்காவதாக ஒரு வழி உண்டு. அதற்கு அவளிடம் வியூ கிடையாது.

"இன்னா இருக்குது?" என்றாள் ஸ்டெல்லா.

"இன்னும் எதுவும் நிச்சயமா தெரியல."

அது பொய்யில்லை. அந்த ஒரு வியூவைப் பிடித்துக்கொண்டு அவளும் தொங்கினாள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பார்கள், அங்கே ஆபரேஷன் நடந்துகொண்டிருக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். கெட்ட சேதி இல்லை என்று எடுத்துக்கொண்ட ஸ்டெல்லா சமாதானமாகி, "அடிபட்டுப் படுத்திருந்தா கஞ்சிதானே குடிப்பாரு, ரெடி பண்ணி எடுத்துக்கினு வரேன், சேர்ந்து போலாம்" என்று இறங்கிப் போனாள். அவள் வீட்டுக் குக்கர் விசில் இந்த மாடிவரை கேட்டது.

மதியம் அந்த வியூ புதுசானது. அதிலும் அந்த வரி இல்லை.

வேறு எந்த வகையிலாவது அவர் உயிரோடு இருக்க முடியுமா என்று இந்துமதி திரும்பத் திரும்ப யோசித்தாள். அதே வேனில் அதே வயதில், அதே ரத்தத்தோடு இன்னொருவர் இருந்திருக்கலாம். இருந்தால் இரண்டு வரி இருக்க வேண்டுமே. கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே போய் அப்பாவிடம் கார் சொல்லச் சொன்னாள்.

காரில் ஸ்டெல்லாவின் மடியில் கஞ்சித் தூக்கு இருந்தது. அனந்தபுரம் பக்கம் திரும்பும் ரோட்டைத் தாண்டியதும் இந்துமதி அவள் கையைப் பிடித்தாள்.

"ஸ்டெல்லா, அண்ணா இல்லடி."

"யாரு போன் பண்ணா?"

"யாரும் பண்ணல."

"பேரு வந்துச்சா?"

"இல்ல. உசுரோட வெளிய போறதுக்கு இருக்கிற எந்த வழியிலயும் அவரு இல்ல."

ஸ்டெல்லா அவளையே பார்த்துக்கொண்டு வந்தாள். அழவில்லை. மறு கையால் தூக்கைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, "நான் கஞ்சி காய்ச்சறப்பவே உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"பாதி தெரியும்."

ஸ்டெல்லா கையை உருவிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் பிணவறைக்காரர் துணியை விலக்கிக் காட்டியபோதும், அவள் சாய்ந்தது சுவர்மேல்தான், தோழிமேல் இல்லை.

அடக்கம் முடிந்த வாரத்தில் இந்துமதி கம்பெனிக்கு எழுதினாள். நம் வியூக்களை வைத்து ஒரு தனி மனிதரைக் கண்டுபிடித்துவிட முடிகிறது, நானே கண்டுபிடித்தேன், வயதையும் ரத்த வகையையும் ஒன்றாகக் காட்டக் கூடாது என்று. விதியை மீறித் தேடியதற்கு அவளை விசாரித்தார்கள், எச்சரித்து விட்டார்கள். வியூவையும் மாற்றினார்கள்.

ஸ்டெல்லா வருவது நின்றுபோனது. கடைத்தெருவில் பார்த்தால் தலையை ஆட்டிவிட்டுப் போவாள். அந்தக் கிறிஸ்துமஸுக்குக் கேக் வரவில்லை. "சண்டையா?" என்று வர்த்தமான் கேட்டார். "இல்ல நைனா" என்று மட்டும் சொன்னாள்.

தை பிறந்து ஒருநாள் ஸ்டெல்லாவே மாடியேறி வந்தாள். நாற்காலியில் உட்காரவில்லை, கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உன்மேல கோவம் இல்ல இந்து. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். கொண்டு போனப்ப அவருக்கு உசுரு இருந்துச்சா? ரொம்ப நேரம் வலியில கெடந்தாரா? அது அதுல தெரியுமா?"

எப்போது வந்தார், எத்தனை முறை வலி ஊசி போட்டார்கள், எப்போது படுக்கை காலியானது என்று அந்த வரியில் எல்லாம் இருந்தது. அன்றைக்கே இந்துமதி படித்திருந்தாள்.

"அது எனக்குக் காட்டாதுடி" என்றாள்.

"நிச்சயமா?"

"நிச்சயமா."

ஸ்டெல்லா தரையில் உட்கார்ந்து, அவள் முழங்காலில் தலை வைத்து முதல்முறையாக அழுதாள். இந்துமதி அவள் தலைமுடியைக் கோதிக்கொண்டே இருந்தாள்.