பாய்லர் சூட்டில் வந்த கோப்பை

என் தம்பி ஜெபதாஸைப் பற்றி ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். கூடப் பிறந்தவள் நான் சொல்வதுதான் சரியாக இருக்கும் என்பதால் எழுதுகிறேன். மண்ணூரில் டேபிள் டென்னிஸ் என்றால் என்னவென்று யாருக்கும் தெரியாத காலத்தில் அதைக் கொண்டுவந்தவன் அவன். ஆவடியில் ஒரு கிளப்பில் டீ கொடுக்கும் வேலைக்குப் போனவனை, ஜோடி கிடைக்காத நாட்களில் அதிகாரிகள் எதிரே நிறுத்தி ஆடினார்கள். கொஞ்ச காலத்தில் அவர்களே இவனிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளும்படி ஆகிவிட்டது. பிறகு ஸ்ரீபெரும்புதூர் சாலையில் இரும்புப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் மெஷின் ஓட்டும் வேலை கிடைத்து, எங்கள் வீட்டோடு வந்து தங்கினான். ஷிப்ட் முடிந்தால் வீட்டுக்கு வரமாட்டான். மாதா கோயில் கூடத்தில் அவனே பலகை வாங்கிச் செய்து, பச்சை வண்ணம் அடித்து வைத்திருந்த மேசைக்குத்தான் போவான்.

கோச் வேலைக்குச் சம்பளம் கிடையாது. அதனால் வந்த தொல்லைகள் எங்களுக்கு. நசுங்கிய பந்தைச் சுடுதண்ணீரில் போட்டால் பழையபடி உருண்டையாகிவிடும். அதற்கென்று தனியாக யார் அடுப்பு மூட்டுவது? ஒரு நாள் கொதிக்கிற கஞ்சியிலேயே போட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டான். என் வீட்டுக்காரர் தட்டில் கஞ்சியோடு பந்தும் விழுந்தது.

"இன்னா சூசையம்மா, முட்ட போட்டு கஞ்சி காச்சினியா? கற்பூர வாசன வேற அடிக்குது!"

அந்தப் பந்துகளுக்குக் கற்பூர வாசனை உண்டு. அன்று கஞ்சி முழுவதும் மாட்டுக்குத்தான் போயிற்று.

இன்னொரு நாள் குன்றத்தூர் பஸ்ஸில் நின்றபடியே யாருக்கோ பேக்ஹேண்ட் அடித்துக் காட்டினான். கண்டக்டர் வாயிலிருந்த விசில் தெறித்து ஜன்னல் வழியாக வெளியே போய்விட்டது. மீதி வழிக்கெல்லாம் அந்த மனிதர் நாக்கை மடித்துச் சீழ்க்கை அடித்தே பஸ்ஸை நிறுத்தினார்.

இப்படிப்பட்டவனிடம் இரண்டு பெண்கள் உருப்படியாகக் கற்றுக்கொண்டார்கள். ஒருத்தி எங்கள் தெரு ஞானம்மாவின் மகள் ரூத். மற்றவள் பென்னலூரிலிருந்து சைக்கிளில் வரும் காந்திமதி. அவர்கள் நன்றாக ஆட ஆரம்பித்த பிறகுதான் கூடத்துக்கு ஆபத்து வந்தது. கோயில் கமிட்டித் தலைவர் சாலமோன் உரக்கடை வைத்திருந்தார். மூட்டை அடுக்க அவருக்கு அந்தக் கூடம் தேவைப்பட்டது.

"இன்னாடா ஜெபதாசு, பொம்பளப் பசங்கள வெச்சிக்கினு டொக்கு டொக்குன்னு தட்டிக்கினு கீற. கோயிலுக்கு இன்னா லாபம்? நான் மூட்ட அடுக்குனா வாடகையாவது வரும்."

"ஜில்லாப் போட்டி வருது மாமா. கோப்பையோட வர்றோம்."

"வந்தா கூடம் உனுக்கு. வெறுங்கையோட வந்தா அன்னிக்கே சாவி எனுக்கு. சம்மதமா?"

கோயில் சாமியார் முன்னிலையில் தம்பி சம்மதம் என்று சொல்லிவிட்டான். மேசை போட ஊரில் வேறு இடம் கிடையாது. தோற்றால் ஆட்டம் அத்தோடு முடிந்தது.

போட்டிக்குச் சீருடை வேண்டும் என்றான். எங்கள் ஜனத்தில் பிள்ளைகள் முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கும் வெள்ளை, கல்யாணத்துக்கும் வெள்ளை. விளையாட்டுக்காரர்கள் என்றாலும் வெள்ளைதான் என்று தம்பி உறுதியாகச் சொன்னான். கணுக்கால் தெரியக்கூடாது என்பது ஞானம்மாவின் கட்டளை. காந்திமதியின் அம்மா ராஜம்மா மட்டும், "கல்யாணம் ஆவாத பொண்ணுக்கு வெள்ளத் துணி எடுத்தாந்துகிறீங்களே" என்று முணுமுணுத்தாள். சிவப்பு ரிப்பன் வைத்துச் சமாதானம் செய்தேன். நீளப் பாவாடையும் முழுக்கைச் சட்டையுமாக நான் தைத்தேன். நான் ஐந்தாவதோடு நின்றவள், ஆனால் என் தையலில் ஒரு நூல் தொங்கிப் பார்த்தவர் கிடையாது.

அந்த வருடம், 1982இல், போட்டி நடந்தது தம்பி வேலை செய்த தொழிற்சாலையின் பெரிய ஹாலிலேயே. பெண்களுக்குத் துணையாக நானும் போனேன். இருவரும் தேவதூதர்கள் மாதிரி மேசைக்கு முன்னால் போய் நின்றார்கள். தலைமை நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"யாருப்பா கோச்? பந்து வெள்ளை. சட்டையும் வெள்ளையா இருந்தா எதிர்ல ஆடுறவங்களுக்குப் பந்து எப்படித் தெரியும்? கறுப்பு, நீலம், ஏதாவது அடர்த்தியான கலர்தான் போடணும். ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி. கால் மணி நேரம் தர்றேன். இல்லேன்னா ஆடாமலே தோல்வி."

ஆவடி கிளப்பில் யாரும் இந்த விதியைச் சொன்னதில்லை. தம்பி அதுவரை ஒரு போட்டியையும் கண்ணால் பார்த்ததில்லை. அவன் முகம் நான் தைத்த சட்டையைவிட வெளுத்துவிட்டது. அந்த நேரத்தில் இரண்டு மணிச் சங்கு ஊதியது. முதல் ஷிப்ட் விட்டு ஆட்கள் வெளியே வந்தார்கள். தம்பி அவர்களைப் பார்த்தான், பாய்ந்து ஓடினான்.

மெயின்டனன்ஸ் ஆட்களான முனிரத்தினமும் தணிகாசலமும் சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். சட்டையும் கால்சட்டையும் ஒன்றாகச் சேர்ந்த கருநீல பாய்லர் சூட் இருவர் உடம்பிலும் இருந்தது.

"முனிரத்தினம், சூட்ட கழட்டு! தணிகாசலம், நீயும்!"

"இன்னா நைனா, மத்தியானத்துலயே ஏத்திக்கினியா?"

"அவசரம்யா. பொண்ணுங்க போட்டுக்கினு ஆடணும்."

"உள்ள நான் இன்னா போட்டுக்கினு கீறேன்னு தெரியுமா உனுக்கு?"

கேண்டீன் சமையல்காரரிடம் இரண்டு லுங்கி வாங்கி வந்து கொடுத்தான். என் பையில் ஊசி, நூல், ஊக்கு எப்போதும் இருக்கும். பெண்கள் அறையில் கைகளைச் சுருட்டி, கால்களை மடித்து, இடுப்பில் கொசுவம் பிடித்துத் தைத்தேன். உள்ளே இன்னும் இரண்டு பேர் நுழையலாம் போல இருந்தது.

"அக்கா, அம்மா பாத்தா கொன்னுடும்" என்றாள் ரூத்.

"கழுத்துலேர்ந்து கணுக்கால் வரைக்கும் மூடிக்கீது. உங்கம்மா கேட்டது அதான? திரும்பு, முதுகுல ஊக்கு குத்தணும்."

நடுவர் இருவரையும் சுற்றி வந்து பார்த்தார். கிரீஸ் வாசனைக்கு மூக்கைச் சுளித்தார். ஆனால் கலரில் அவரால் குறை சொல்ல முடியவில்லை.

காந்திமதி முதல் பந்தை எட்டி அடித்தபோது அவள் காலடியில் கணீர் என்று ஏதோ விழுந்தது. கால் பக்கத்துப் பையிலிருந்து ஒரு ஸ்பேனர். ஆட்டம் நின்றது.

"அதத்தான்யா காலைலேர்ந்து தேடிக்கினு கீறேன்!" என்று லுங்கியோடு எழுந்தார் தணிகாசலம். ஹாலே சிரித்தது. காந்திமதியும் சிரித்துவிட்டாள். பயம் அத்தோடு போயிற்று. அந்தச் சுற்றில் எளிதாக ஜெயித்தார்கள்.

இறுதிப் போட்டி செங்கல்பட்டிலிருந்து வந்த கல்லூரிப் பெண்களோடு. அவர்கள் மரூன் சட்டையும் விலை உயர்ந்த மட்டையுமாக வந்திருந்தார்கள். வீட்டுக்குப் போகவேண்டிய முதல் ஷிப்ட் ஆட்கள் ஒருவரும் போகவில்லை. தங்கள் உடுப்பு ஆடும்போது எப்படிப் போவார்கள்? "அடி மெயின்டனன்ஸ்!" என்று கத்தினார்கள். தம்பி உட்கார்ந்த இடத்திலிருந்தே கையால் சைகை காட்ட, நடுவர் எச்சரித்தார். அதன்பிறகு இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டான்.

மொத்தம் ஐந்து ஆட்டம், நாலு முடிந்தபோது அணிக்கு இரண்டு வெற்றி. மூன்று கேம் கொண்ட கடைசி ஆட்டம் ரூத்துக்கு. முதல் கேமைப் பரிதாபமாகத் தோற்றாள். பந்து வரும்போதெல்லாம் பின்னால் பின்னால் ஓடினாள். இடைவேளையில் அவளிடம் போனான் தம்பி.

"எதுக்குப் பின்னாடி ஓடற?"

"இடம் இருக்குதே மாஸ்டர்!"

அவள் மேல் தப்பில்லை. எங்கள் கூடத்தில் மேசைக்குப் பின்னால், சம்மனசு என்று நாங்கள் சொல்லும் தேவதூதர் பொம்மை வைத்த திருவிழாத் தேர் நிற்கும். ஓரடி பின்னால் போனால் தேர்க்கால் முதுகில் இடிக்கும். அதனால் பந்து எழும்பும்போதே மேசையோடு ஒட்டி நின்று தடுத்துத் திருப்புவதுதான் எங்கள் பெண்களின் ஆட்டம். இவ்வளவு காலி இடத்தை ரூத் கண்டதே இல்லை.

"தேரு பின்னாடிதான் நிக்குது. இடிச்சினா சம்மனசு எறக்க ஒடியும். முன்னாடியே நில்லு."

ரூத் சிரிக்கவில்லை. மேசைக்கு வந்து ஒட்டி நின்றாள். அதன்பிறகு அந்தக் கல்லூரிப் பெண்ணுக்கு மூச்சுவிட நேரம் இல்லை. அவள் அடித்த வேகத்திலேயே பந்து திரும்பி வந்தது. இரண்டாவது கேம் எங்களுடையது. மூன்றாவதில் இருபதுக்கு இருபது, இனி இரண்டு புள்ளி முந்தினால்தான் ஜெயம். ரூத் ஒரு புள்ளி எடுத்தாள். அடுத்த பந்து மேசையின் வலது மூலைக்கு வந்தது. எட்டாது என்று நினைத்தேன். பாய்லர் சூட்டின் சுருட்டிய கை அவிழ்ந்து தொங்க, அப்படியே மட்டையை வைத்தாள். எதிர்ப்பக்கம் யாரும் இல்லாத இடத்தில் பந்து விழுந்தது.

தம்பி துள்ளினான். கைகள் இன்னும் அடியில் இருந்தன. மடக்கு நாற்காலி அவனோடு சேர்ந்து மடங்கிக்கொண்டது. கோப்பை ஜெயித்த கோச்சை நாற்காலியிலிருந்து பிரித்தெடுக்க முனிரத்தினமும் தணிகாசலமும் ஓடிவந்தார்கள்.

ஊருக்குத் திரும்பியபோது கூடத்து வாசலில் மாட்டுவண்டி நின்றது. வெள்ளைச் சட்டை போட்டதால் ஆடவே விடவில்லை என்ற செய்தி எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. சாலமோன் மூட்டைகளை இறக்கி, மேசையைச் சுற்றி அடுக்கிவிட்டிருந்தார். பாய்லர் சூட்டில் நின்ற ரூத்தையும் அவள் இடுப்பிலிருந்த கோப்பையையும் மாறி மாறிப் பார்த்தார். கோப்பையை வாங்கி நகத்தால் சுரண்டினார்.

"நெசமாவே ஜெயிச்சதா? வழியில எங்கனா வாங்கினீங்களா?"

"மாமா, இருட்டுறதுக்குள்ள மூட்டய எடுத்துட்டா நல்லாருக்கும். பிராக்டிஸ் கீது" என்றான் தம்பி.

வண்டிக்காரன் கூலி வாங்கிக்கொண்டு போய்விட்டிருந்தான். சாலமோன் துண்டை உதறித் தலையில் சுற்றினார். முதல் மூட்டையை அவரே தூக்கினார். தங்கள் உடுப்புக்காகப் பின்னாலேயே சைக்கிளில் வந்திருந்த லுங்கிக்காரர்கள் இருவரும் கை கொடுத்தார்கள். ஞானம்மா மகளை மேலும் கீழும் பார்த்தாள். கணுக்காலையும் பார்த்தாள். பிறகு மேசையின் மேலிருந்த உரத்தூளை முந்தானையால் துடைத்தாள்.

தம்பி வலையைக் கட்டினான். அன்றைய முதல் பந்தைப் போடும் மரியாதையை முனிரத்தினத்துக்குக் கொடுத்தான். அவர் லுங்கியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் முழு பலத்தோடு அடித்தார். பந்து ஓட்டுக் கூரையில் பட்டு, சாலமோன் தோளில் இருந்த மூட்டையின் மேல் விழுந்து உருண்டது.

"மொதல்ல மெதுவா தட்டக் கத்துக்கோ" என்றார் சாலமோன், மூட்டையை இறக்காமலே.