வாசல் பூதத்தின் பேச்சு

கோட்டாற்று அச்சாபீசில் அன்று நாவலாசிரியரும் முதலாளியும் நானும் இருந்தோம். என் கையெழுத்தைப் பார்த்து அச்சுக் கோத்த கம்பாசிடர் மட்டும் வரவில்லை.

நாவலாசிரியர் திருநெல்வேலிக்காரர். வெள்ளைத் தலைப்பாகை, காதில் ஒரு பென்சில். படிக்கும்போது அதை எடுத்து உருட்டிக்கொண்டே இருப்பார். ஓர் எழுத்தையும் திருத்தமாட்டார். அவருடைய மாயாஜால நாவலில் கோட்டை வாசலைக் காக்கும் பூதம் அரைப்பக்கத்தில் காணாமல் போய்விடும். அது பிறகு என்ன ஆயிற்று என்று நான் ஐந்து சிறுகதைகள் எழுதி அவரிடம் கொடுத்திருந்தேன். "பூதம் 'நானாக்கும்'னு பேசுமோ தம்பி?" என்று எங்கள் ஊர்ப் பேச்சைச் சொல்லிச் சிரித்தார், ஆனாலும் அச்சேற்றுவதாகச் சொன்னார். எங்கள் வீட்டில் எழுத்தறிந்தவன் நான் ஒருவன்தான். என் பெயர் புத்தகத்தில் வரும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

அன்றுதான் புத்தகம் வந்தது. ஐந்து கதைகளும் அப்படியே இருந்தன. பெயர் மட்டும் அவருடையது.

முதலாளி புரட்டிவிட்டு, "ஓய், பூதம் நம்ம ஊருப் பேச்சுல்லா பேசுகு! உமக்கு இது எங்கேருந்து வந்துது?" என்றார்.

"என் பூதமாக்கும்," என்றார் நாவலாசிரியர்.

"கதை நான் எழுதுனதுல்லா அண்ணாச்சி?"

"கோட்டை என்னுது, பூதமும் என்னுது. நீ உள்ள வந்து கொஞ்சம் வெளையாடுனே, அவ்வளவுதான் தம்பி."

கோபமாகச் சொல்லவில்லை; என் தோளைக்கூடத் தட்டினார். திருடுகிறோம் என்று அவருக்குத் தெரிந்திருந்ததா என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை. என் கதைகளை வீட்டுக்குக் கொண்டுபோக அங்கேயே ஒரு பிரதி வாங்கினேன். விலை அரை ரூபாய், பதினான்கு சக்கரம்.