இசக்கியை வில்லி என்றாள்

‘வில்லிய ஏம்மா கும்பிடுதோம்?’ என் ஆறு வயது மகள் கோயிலில் நின்று கேட்ட கேள்வி இது.

தப்பு என்னுடையதுதான். பேட்டையில் எங்கள் வீட்டில் டிவியில் சீரியல் ஓடினால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். அதைப் பார்த்துப் பெண்களை இரண்டாகப் பிரித்துவைத்திருந்தாள். வாய் திறக்காமல் அழுபவள் நல்லவள். பெரிய பொட்டு வைத்து, கண்ணை உருட்டிச் சத்தம் போடுபவள் வில்லி. நானும் கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

ஒருநாள் குளிப்பாட்டும்போது அவள் கையில் நகக்குறிகளைப் பார்த்தேன். வகுப்பில் பக்கத்தில் உட்காரும் சிறுமி தினமும் கிள்ளுகிறாளாம்.

‘ஏட்டி, நீ கத்த வேண்டியதுதான?’

‘கத்துனா நான் வில்லியில்லா?’



அடுத்த செவ்வாய்க்கிழமை ஏரல் பக்கம் கணவர் வீட்டு இசக்கியம்மன் கோயிலில் கொடை விழா. மதியப் பூசைக்குத் திரை விலகியது. சிவப்புப் பட்டு, எலுமிச்சை மாலை, விரித்த கண்கள், இடுப்பில் குழந்தை. மகள் கையை நீட்டி, ‘வில்லி!’ என்று கத்தினாள்.

பக்கத்தில் நின்ற அம்மாளுக்கு மேளச் சத்தத்தில் அரைகுறையாகக் கேட்டிருக்கிறது. ‘வில்லுப்பாட்டு அங்கனல்லா நடக்கு, ஏன் இங்கன கையக் காட்டுத?’ என்றார்.

என் நாத்தனாருக்குச் சரியாகவே கேட்டுவிட்டது. ‘கன்னத்துல போடுட்டி! ஆத்தாளப் போயி என்ன சொல்லுத!’

கன்னத்தில் போட்டுக்கொண்டேதான் மகள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். எத்தனையோ முறை கும்பிட்ட முகம், அன்றுதான் பார்த்தேன். முகம் முழுக்கக் கோபம். ஆனாலும் இடுப்புக் குழந்தை பயப்படாமல் உட்கார்ந்திருந்தது. வீட்டில் என்னிடம் குரலைத் தணித்தே பேசாத என் கணவர், தலைக்குமேல் கைகூப்பி நின்றார். குனிந்தால், மகள் கண்களை அகல விரித்து அதே முகத்தை வரவழைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஆசிரியை கூப்பிட்டனுப்பினார். கிள்ளிய சிறுமியைப் பார்த்து மகள், ‘கைய எடுட்டி!’ என்று போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பே அடங்கிவிட்டதாம். கேட்டபோது எனக்குள் ஏதோ நிமிர்ந்தது. இத்தனை சிறிய உடம்பில் அவ்வளவு பெரிய குரலா!

‘அமைதியான பிள்ளையாச்சே, வீட்ல என்ன பழக்குதீங்க?’ என்றார் ஆசிரியை.

‘மன்னிச்சிருங்க டீச்சர்’ என்றேன், பழக்கதோஷத்தில். நகக்குறிகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஸ்கூட்டரில் பின்னாலிருந்து கேட்டாள்: ‘அப்ப நான் வில்லிதானம்மா?’ இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. இரண்டு வாரமாக வகுப்பில் மறுபடி வாயே திறப்பதில்லை. நேற்று கையில் புதுக் கீறல்.

மகளையும் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போய், அவள் கேட்க, அந்த மன்னிப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். அது சரியா? ஆசிரியையிடம் பேச்சை எப்படித் தொடங்குவது? பிள்ளை வளர்த்தவர்கள் எழுதுங்கள்.