ஃபேக்டரி வேனில் மூன்று மண்டோர்கள்

ஃபேக்டரி வேன் ஓட்டுகிறவனுக்குக் கண்ணும் காதும்தான் சோறு போடுகின்றன. லைசென்ஸ் புதுப்பிக்கும்போது டாக்டர் இரண்டையும் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவார். ஆளேற்றும் சகோதரர்களே, அந்தக் கையெழுத்துக்காக நாம் படும் பாடு உங்களுக்குத் தெரியாததா? நான் பெடாஸ் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து செனவாங் ஃபேக்டரிக்குப் பதினான்கு பெண்களை ஏற்றிப் போகிறேன். நாற்பது நிமிட ஓட்டம்.

முழுங்கிய சிடி

தம்பின் டவுனில் பழைய வேன் ஒன்று வாங்கினேன். அதன் பிளேயர் ஏற்கெனவே ஒரு சிடியை முழுங்கி வைத்திருந்தது. துப்பவும் மாட்டேன் என்றது, வேறு எதையும் வாங்கவும் மாட்டேன் என்றது. அந்த ஒன்றை மட்டும் பாடியது. ஒரே வயலினும் ஊதுகுழலும். முதல் வாரம் எனக்குத் தலைவலி, இரண்டாம் வாரம் பிடித்துப்போய்விட்டது. ஏன் என்று கேட்டால் எனக்கும் தெரியாது.

பின்சீட்டு ராஜம்மா அக்கா என்னைவிட மூத்தவர், ஒரு காலத்தில் எஸ்டேட்டில் மண்டோர் என்கிற மேஸ்திரியின் கீழ் வேலை பார்த்தவர், வாய் கொஞ்சம் நீளம். மூன்று நாள் பொறுத்துவிட்டு நான்காம் நாள் கேட்டார்: "எல்லாம் சரி தம்பி, பாடுறவங்க எப்ப வருவாங்க?"

டிக்கெட் கொடுக்காத கண்டக்டர்

ரிப்பேர் கடைக்காரர் ஒருவழியாக சிடியை உருவிக் கொடுத்தார். ஒரு ஜெர்மன்காரர் எழுதிய சிம்பொனி, நான்காம் நம்பர் என்று அதில் போட்டிருந்தது. கீழே இன்னொரு பேர், பக்கத்தில் கண்டக்டர் என்று.

முன்சீட்டு ஜெயா, "கண்டக்டர்னா டிக்கெட் கொடுப்பாரா அண்ணே?" என்றாள். நான் மகளிடம் கேட்டுவந்து விளக்கினேன்: அவர் ஒன்றும் வாசிக்க மாட்டார், கையில் ஒரு குச்சியோடு நிற்பார், மற்ற எல்லோரும் வேலை செய்வார்கள். ராஜம்மா அக்கா சிரித்தார்.

"அப்ப மண்டோர்னு சொல்லு லா."

மூன்று பேர்

அன்றிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்தது. அதே சிம்பொனியை வேறு மண்டோர் எப்படி நடத்துவார் என்று தெரிய வேண்டும். மந்தின் டவுனில் பழைய சாமான் கடையில் ஒன்று கிடைத்தது. மூன்றாவதை மகள் போனில் ஏற்றிக் கொடுத்தாள். முதல் மண்டோர் சரியாக ஃபேக்டரி கேட்டில் முடிப்பார். இரண்டாமவர் அவசரக்காரர், சிக்னல் லைட்டிலேயே முடித்துவிடுவார். மூன்றாமவர் இருக்கிறாரே, கேட்டைத் தாண்டியும் அவருக்குப் பாக்கி இருக்கும். அதைக்கூட மன்னிக்கலாம். இரண்டாம் பாகம் வந்தால் மனுஷன் ஒரு நிமிடம் சும்மா நிற்பார், ஒரு சத்தமும் வராது. "திருட்டு மண்டோர், கை கட்டி நின்னே சம்பளம் வாங்குறான்" என்று நான் தினமும் திட்டுவேன்.

"இந்த ஆளோட வந்தா நாம எல்லாரும் டாக்டர்கிட்ட எம்.சி. லீவு எடுக்கணும் அண்ணே" என்பாள் ஜெயா.

இறங்கும் இடம்

சாயங்காலம் ராஜம்மா அக்காவின் வீட்டைத் தாண்டிப் போய்விடுவேன். ஒருமுறை இல்லை, வாரத்தில் இரண்டு மூன்று தடவை. வாயைத் திறந்து சத்தமாகச் சொல்லுங்கள் என்று அவரையே கடிந்துகொண்டேன். அவர் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தபடி சொன்னார்: "இதுக்கு மேல கத்துனா பக்கத்து எஸ்டேட் வேன்காரன்கூட நிறுத்துவான் தம்பி."

செம்பனை லாரி

போன மாதம் ஒரு காலை, முன்னால் போன லாரியிலிருந்து செம்பனைக் குலைகள் சரிந்து ரோடு முழுக்க உருண்டன. பொறுக்கி முடியட்டும் என்று இஞ்சினை அணைத்தேன். போனில் மூன்றாம் மண்டோர், இரண்டாம் பாகம். "பாருங்க, இன்னும் சும்மாதான் நிக்கிறான்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. ஜெயாவின் விரல் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

தாளம் போட அவளுக்கு ஏதோ கேட்கிறது, எனக்குத்தான் கேட்கவில்லை. அடுத்த மாதம் லைசென்ஸ். ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அது எப்பவோ ஆரம்பிச்சிருச்சு அண்ணே. உங்களுக்கு அந்த ஆளைப் பிடிக்கல, அதான் அப்படிச் சொல்றீங்கன்னு நெனச்சோம்."

கையெழுத்து

தம்பின் டாக்டர் இரண்டு காதையும் சோதித்தார். மெல்லிய சத்தம் எதுவும் எனக்கு எட்டவில்லையாம். குலை சரிந்த நாளிலிருந்து மூன்று வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை. வேனை விட்டால் எனக்கு வேறு தொழில் தெரியாது. காதில் மாட்டும் மெஷின் வாங்கினேன். அதோடு மறுபடி சோதித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் வேன் கிளம்புவதற்கு முன்னாலேயே மூன்றாம் மண்டோரைப் போட்டேன். இரண்டாம் பாகம். அவர் சும்மா நிற்கவே இல்லை. வயலின்கள் அத்தனை மெதுவாக, தூங்கும் குழந்தையை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல ஆரம்பித்திருந்தன. மூவரில் இவர்தான் பெரியவர். கண் கலங்கிவிட்டது, சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ராஜம்மா அக்கா பின்னாலிருந்து மெதுவாகத்தான் பேசினார், ஆனாலும் கேட்டது: "பாவம் அந்த மண்டோரு, மன்னிப்பு கேளு தம்பி."

ஆக, மூன்று மண்டோர்களுக்கும் தினமும் மார்க் போட்டு வந்தேன். ஃபெயிலானது வாத்தியாரின் காது.