இடம் மாறிய தழும்பு

படம் கழுவிப் போடுகிற கடை முதலாளிக்கும் எனக்கும் இருந்த பகை எங்கள் தெருவுக்கே தெரியும். நான் லேலாங்கில் ஒரு பெட்டிக் கேமராவை ஏலம் எடுத்த நாளிலிருந்து அது தொடங்கியது. பிலிமை அவரிடம்தான் கழுவக் கொடுப்பேன். அதற்கு இருட்டறை வேண்டும், என்னிடம் இல்லை. ஆனால் கழுவிய பிலிமைத் தாளில் படமாகப் போடுவதை நான் வீட்டுச் சமையல்கட்டிலேயே செய்துகொள்வேன். அதற்கென்று ஒரு தாள் விற்றார்கள். அதற்கு வெயில் போதும். பினாங்கில் வெயிலுக்கா பஞ்சம்?

"பாய் குசினியில படம் போடுறாராம்லா! மீன் ஆணம் எது, படம் எதுன்னு பார்த்து எடுங்க பாய்!" என்று கடைக்கு வருகிறவர்கள் காதில் விழும்படி அவர் சொல்வார்.

ஒப்புக்கொள்கிறேன், என் படங்கள் பழுப்பாகத்தான் வரும். சிலவற்றில் என் கட்டைவிரல் ரேகையும் சேர்ந்து பதிந்திருக்கும். ஒன்றில் மஞ்சள் கறை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று நான் எல்லாவற்றையும் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். "எல்லாரையும் காப்பியில முக்கி எடுத்த மாதிரி இருக்கு" என்பாள் என் வீட்டுக்காரி. வெளியாள் கேலியைத் தாங்கலாம், இதைத் தாங்க முடியாது.

அது முப்பதுகளின் நடுப்பகுதி. காகிதமும் பேனாவும் விற்கும் கடை ஒன்றில் எனக்கு வேலை. என்னுடைய நெருங்கிய கூட்டாளி துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்சு ஓட்டிக்கொண்டிருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், அதனால் அண்ணே என்று கூப்பிடுவேன். எழுதப் படிக்கத் தெரியாது. அவர் மனைவி நாகப்பட்டினத்துப் பக்கத்தில் தன் கூடப்பிறந்த அண்ணன் வீட்டில் இருந்தார். அந்த அம்மாள் நாலாம் வகுப்பு படித்தவர். ஐந்து வருடமாக இந்தப் பக்கத்துக் கடிதத்தை நான்தான் எழுதினேன், அந்தப் பக்கத்துக் கடிதத்தை நான்தான் படித்துச் சொன்னேன்.

ஒருவழியாக என் கூட்டாளி அண்ணன் இங்கே ஒரு வீட்டைப் பிடித்து, மனைவிக்குக் கப்பல் சீட்டும் எடுத்து அனுப்பிவிட்டார். அந்த அம்மாள் கேட்டதெல்லாம் ஒரு படம். ஐந்து வருடத்தில் ஆள் எப்படி இருக்கிறார் என்று தன் அண்ணன் வீட்டாரிடம் காட்ட வேண்டுமாம். நான் அவரை எங்கள் வாசலில் நிறுத்திப் படம் எடுத்தேன். சலவை வேட்டி, கை மடித்த சட்டை, வலது கன்னத்தில் சின்ன வயதில் மாடு முட்டிய தழும்பு. கழுவி வந்த பிலிமைப் பார்த்தேன், அருமையாக விழுந்திருந்தது. இதை வெயிலில் போட்டு எடுத்தால் ஒரு பயல் வாய் திறக்க முடியாது என்று நான் துள்ளிக்கொண்டிருந்தபோது அண்ணன் தலையைச் சொறிந்தார்.

"கோவிச்சுக்காதீங்க பாய். ஊருக்குப் போற படம். கடையிலயே போட்டுடலாமே."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. என்ன செய்வது, அவர் படம், அவர் மனைவி. கடையில் கொடுத்தோம். கறுப்பு வெள்ளையாக, கெட்டி அட்டையில் ஒட்டி, ஓரத்தில் பூ வேலை செய்து கொடுத்தார்கள். அண்ணன் அதைக் கையில் ஏந்திக்கொண்டு, "கண்ணாடியில பார்க்கிற மாதிரியே இருக்கேன் பாய்!" என்று பூரித்தார். நான் பொறாமையில் அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. அண்ணன் அதை ஊருக்கு அனுப்பிவிட்டு, கூடப் போட்டு வாங்கிய ஒரு பிரதியை என்னிடம் கொடுத்தார். அதையும் மேசை இழுப்பறையில் போட்டு மூடினேன்.

பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கையில் இருந்தது. அண்ணன் எதிரே உட்கார்ந்திருக்க, வழக்கம்போல உரக்கப் படிக்க ஆரம்பித்தேன்.

"படம் கிடைத்தது. படத்தில் இருப்பவர் வேட்டியை இடப்பக்கம் கட்டியிருக்கிறார். நீங்கள் மதம் மாறி அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டீர்கள் என்கிறார் என் அண்ணன். மாடு முட்டிய தழும்பு உங்களுக்கு வலது கன்னத்தில். இவருக்கு இடது கன்னத்தில். முகச்சாயல் உள்ள வேறு யாரையோ நிறுத்திப் படம் எடுத்திருக்கிறார்கள், நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள், உங்கள் பேரில் யாரோ கடுதாசி எழுதுகிறார்கள் என்கிறாள் அண்ணி. இதில் எது உண்மை? அடுத்த கப்பல் தபாலில் தெரியாவிட்டால் அண்ணன் என் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்."

அந்த 'யாரோ' நான்தான். ஐந்து வருடம் எழுதின கைக்குக் கிடைத்த பட்டம்! ஆனால் கோபப்பட நேரமில்லை. எதிரே விஞ்சில் டன் கணக்கில் தூக்குகிற மனிதர் தரையில் உட்கார்ந்து முழங்காலுக்குள் தலையை வைத்துக்கொண்டார்.

"நான் செத்துட்டேன்னு நினைக்கிறாளா பாய்?" என்றார்.

இழுப்பறையிலிருந்து அந்தப் பிரதியை எடுத்தேன். என் வீட்டுக்காரி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, அண்ணன் எப்பவிருந்து நம்ம ஆளுங்க மாதிரி கட்ட ஆரம்பிச்சாரு?"

முஸ்லிம்கள் நாங்கள் கைலியை இடப்பக்கம் கட்டுவோம்; அண்ணனைப் போன்ற இந்துக்கள் வேட்டியை வலப்பக்கம் கட்டுவார்கள். ஊரில் ஒரு மைல் தூரத்திலிருந்தே ஆளை அடையாளம் சொல்ல அது போதும். படத்தில் அண்ணன் என்னைப்போலக் கட்டியிருந்தார். தழும்பு இடது கன்னத்தில் இருந்தது. சட்டைப் பை வலப்பக்கம் போயிருந்தது. பிலிமை எடுத்து வெளிச்சத்தில் பிடித்ததும் விளங்கிவிட்டது. பிலிமுக்கு ஒரு பக்கம் மினுங்கும், ஒரு பக்கம் மங்கலாக இருக்கும். மங்கல் பக்கம்தான் தாளோடு ஒட்ட வேண்டும். கடையில் அவசரத்தில் புரட்டிப் போட்டு ஆளையே இடம் வலமாக மாற்றிவிட்டார்கள். அண்ணன் எங்கே கண்டுபிடிப்பார்? அவர் தன் முகத்தைக் கண்ணாடியில் மட்டும்தானே பார்த்திருக்கிறார், கண்ணாடியும் அப்படித்தானே காட்டும்!

நானும் அண்ணனும் கடைக்கு ஓடினோம். முதலாளி படத்தையும் பிலிமையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆளு அதே ஆளுதானே லா. இதுக்குப் போய் ஊரைக் கூட்டுறீங்க. புதன்கிழமை வாங்க, வேற போட்டுத் தரேன்."

"நாளைக்குப் பகல் ஒரு மணிக்குக் கப்பல் தபால் மூட்டையைக் கட்டிடுவான்யா! புதன்கிழமை யாருக்கு வேணும் உம்ம படம்?" என்று கத்தினேன். "என் குசினி போதும்!"

சொல்லிவிட்டேனே தவிர, வீட்டில் மூன்றே தாள் மிச்சம்.

மறுநாள் காலை அண்ணன் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்துவிட்டார். கண்ணாடி பதித்த மரச்சட்டத்தில் பிலிமையும் தாளையும் வைத்து, மங்கல் பக்கத்தை மூன்று முறை தடவிப் பார்த்து, பின்பலகையை மூடி வெயிலில் வைத்தேன். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை பலகையில் பாதியைத் திறந்து நிறம் ஏறிவிட்டதா என்று பார்க்க வேண்டும். அவசரப்பட்டு அடிக்கடி திறந்ததில் தாள் நகர்ந்து அண்ணனுக்கு இரண்டு மூக்கு வந்துவிட்டது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. இரண்டாவது தாள் நன்றாக ஏறியது. ஆனால் நிறம் நிலைப்பதற்காக முக்கும் மருந்துத் தண்ணீர் வெக்கையில் சூடாகியிருந்ததால், தாளின் மேல்தோல் கஞ்சி ஆடை மாதிரி கழன்று வந்தது. கடைசித் தாளை எடுக்கப் போனேன்.

"தள்ளுங்க" என்றாள் என் வீட்டுக்காரி. மீன் வைக்கிற பீங்கான் மங்குத் தட்டைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். ஐஸ் விற்பவரிடம் ஓடிப்போய் ஒரு கட்டி வாங்கி வந்தாள். மருந்துத் தண்ணீரைத் தட்டில் ஊற்றி ஐஸ்மேல் உட்கார வைத்தாள். அதற்குள் மேகம் வந்து முற்றத்தை மூடிவிட்டது. மூன்று பேரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பத்தரை இருக்கும், "வந்துடுச்சு, வெயில் வந்துடுச்சு, எடுங்க!" என்று அவள்தான் கூவினாள்.

மூன்றாவது தாளைப் பார்த்துப் பார்த்துப் போட்டேன். குளிர்ந்த தண்ணீரில் அது மிதந்தபோது பழுப்பு நிறத்தில் அண்ணன் கம்பீரமாக நின்றார். வேட்டி வலப்பக்கம். தழும்பு வலது கன்னத்தில். ஒரு சுருக்கம் இல்லை, ஒரு விரல் ரேகை இல்லை! அண்ணன் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இது நான் மாதிரியே இல்லையே பாய்" என்றார்.

"நீங்க யாருன்னு உங்களுக்குத் தெரியாது அண்ணே. உங்க பெஞ்சாதிக்குத்தான் தெரியும்!"

படம் மட்டும் போனால் இதுவும் ஒரு தில்லுமுல்லு என்பார்கள் என்று எனக்குப் பட்டது. அதனால் பிலிமையும் உறையில் வைத்தேன். அண்ணன் பதறினார், இருப்பது அது ஒன்றுதான், கடலில் போய்விட்டால் என்ன செய்வது என்று. போகட்டும் என்றேன். கடிதத்தில் எழுதினேன்: "அம்மா, இதை விளக்குக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் தெரியும், பயப்பட வேண்டாம். மினுங்கும் பக்கம் உங்களைப் பார்த்து இருந்தால் அது உங்கள் புருஷன். புரட்டினால் உங்கள் அண்ணன் சொல்கிற ஆள். கடையில் புரட்டிவிட்டார்கள். இப்படிக்கு, யாரோ."

ஒரு மணிக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது தபாலில் சேர்த்தோம்.

பதில் நாலே வரி. "என் அண்ணனை உட்கார வைத்துப் பிலிமைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். வாயை மூடிக்கொண்டார். சீட்டு என் முடிச்சில் இருக்கிறது. வருகிறேன்." அந்தக் கடிதத்தை நேரே படக் கடைக்குக் கொண்டுபோய், நாலு பேர் நிற்கும் நேரமாகப் பார்த்து, நிறுத்தி நிதானமாகப் படித்தேன். முதலாளி மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "குசினிப் படம்!" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். நான் நல்ல மனிதன் என்று யாரும் சொன்னதில்லை.

கப்பல் வந்து, நோய் பார்க்கத் தனியே வைத்திருக்கும் நாட்களும் முடிந்து, படகில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கிய அன்று நாங்கள் மூவரும் துறையில் நின்றோம். ஒரு தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அந்த அம்மாள் இறங்கி வந்தார். பெட்டியைக் கீழே வைத்தார். அத்தனை ஜனத்துக்கு நடுவில் நேரே புருஷன் முன்னால் வந்து நின்று, கையை நீட்டி, அந்தத் தழும்பைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தார்.

"இவருதான்" என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "வேட்டியை எந்தப் பக்கம் கட்டியிருந்தாலும் நான் கப்பல் ஏறியிருப்பேன் பாய். சண்டை போட்டுக்கலாம். ஆளு உசிரோட இருக்காரான்னு தெரியாமத்தான்..."

அழுதுகொண்டே அண்ணனின் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தார்.

"அஞ்சு வருசம்!" என்றார்.