மகளின் பட்டத்துக்கு நான் போட்ட உறை

மகள் பட்டம் வாங்கிய மறுநாள், ஆவடி மார்க்கெட் பக்கம் இருந்த ஜெராக்ஸ் கடைக்கு ஸ்கூட்டரில் போனோம். சான்றிதழை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் பின்னால் உட்கார்ந்திருந்தாள். லேமினேஷன் இயந்திரத்திலிருந்து அது பிளாஸ்டிக் உறைக்குள் பளபளவென்று சூடாக வெளியே வந்தது. அந்தப் பிளாஸ்டிக் வாசனை இன்னும் நினைவிருக்கிறது.

அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் முப்பது வருஷம் இருந்தவன் நான். காகிதத்தை எது கெடுக்கும் என்று தெரியும். பின்னாளில் எங்கள் நெமிலிச்சேரி வீட்டுக்குள் மழைத்தண்ணீர் வந்தபோது கல்யாணப் படங்கள் கூழாகிப் போயின. சான்றிதழைத் துடைத்து எடுத்தோம். மனைவி உயிரோடு இருந்தவரை அதை அவளிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

இந்த வருஷம் மகளின் கம்பெனி அவளை மூன்று வருஷத்துக்குச் சீனாவில் சூசோ நகரத்துக்கு அனுப்ப முடிவு செய்தது. விசாவுக்கு அசல் பட்டத்தின் பின்பக்கத்தில் அரசு முத்திரை வேண்டும். பிளாஸ்டிக் மேல் முத்திரை வைக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"எனக்கு லீவு கிடைக்காதுப்பா. அந்தக் கடையில பிரிக்க முடியுமான்னு கேட்டுப் பாருங்க. இல்லன்னா டூப்ளிகேட்தான் வாங்கணும், மாசக்கணக்கா ஆகும். அதுக்குள்ள வேற யாரையாவது அனுப்பிடுவாங்க."

கடைக்காரர் தலை நரைத்து அங்கேயே இருந்தார்.

"இன்னா சார், பாப்பா சீனாவுக்குப் போவுதா? ஓரத்த பிளேடால கீறி லேசா சூடு காட்டினா கழண்டுகினு வந்துரும். நம்ம ஒட்டனதுதானே! குட்த்துட்டுப் போ."

நான் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து, "முடியாதாம்மா, கிழிஞ்சிடுமாம்" என்றேன்.

அவள் டூப்ளிகேட்டுக்கு மனுப் போட்டாள். காலையில் தோசை ஊற்றிக்கொண்டே கைபேசியில் சீன மொழிப் பாடம் கேட்டு, ஒரே சொல்லை நாலு விதமாக இழுத்து இழுத்துச் சொல்வாள். நான் கேலி செய்வேன். போக மாட்டாள் என்ற நிம்மதியில் வந்த கேலி அது.

மூன்று வாரம் கழித்து, நான் மருந்து வைக்கும் அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. எந்த மாத்திரை எப்போது, கேஸ் தீர்ந்தால் யாரைக் கூப்பிடுவது, மோட்டார் எத்தனை நிமிஷம் ஓட வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தாள். அவளுடைய பெட்டி காலியாகவே கிடந்தது. இத்தனை நாளும் அவள் என்னைத்தான் தயார் செய்துகொண்டிருந்தாள்.

அன்றே கடைக்குப் போனேன்.

"அன்னிக்கே குட்த்திருந்தா அன்னிக்கே முட்ஞ்சிருக்கும். இன்னாத்துக்கு சார் தூக்கினு போன?" என்றார் கடைக்காரர். நான் பட்டத்தை அவர் கையில் கொடுத்தேன். ஓரத்தில் ஒரு நகக்கண் அளவு மை உரிந்ததைத் தவிர, பட்டம் முழுசாக வந்தது.

மாலையில் அதை அவள் முன் வைத்து, "போன மாசமே முடியும்னு சொன்னாரும்மா. நான்தான் பொய் சொன்னேன்" என்றேன்.

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். இரண்டு நாள் சாப்பாட்டைத் தட்டில் வைத்துவிட்டுப் பேசாமல் போனாள். மூன்றாம் நாள் சனிக்கிழமை. நான்கு வருஷ மதிப்பெண் பட்டியல்களை மேஜையில் வைத்தாள். எல்லாம் நான் உறை போட்டவை.

"இதையும் பிரிக்கணும். இந்தத் தடவை நானும் வரேன்."

வண்டியை அவள்தான் ஓட்டினாள். பட்டியல்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நான் பின்னால் உட்கார்ந்தேன். பட்டாபிராம் தாண்டினோம். ஒரு வேகத்தடையில் வண்டி குலுங்கியது.

"கெட்டியா புடிச்சுக்குங்கப்பா" என்றாள்.