எஸ்தர் சிஸ்டர் செய்த இரண்டு முகங்கள்

மாவுக்கட்டுத் துணியைத் தண்ணீரில் முக்கிக் காலில் சுற்றினால், கொஞ்ச நேரத்தில் அது தானாகச் சூடாகும். நனைந்த சுவரில் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஒரு வாசனை வரும்... தாம்பரத்தில் நான் ஆயாவாக இருந்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. கட்டுச் சுற்றுவது எஸ்தர் சிஸ்டர்.

நான் அஞ்சாவதோடு நின்றவள். இந்த வாட்ஸப் குரூப்பில் இருக்கிற டீச்சருங்க எழுத்துப் பிழையைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்ளவும்.

மிச்சம் விழுந்த மாவில் சிஸ்டர் ஏதாவது பிடித்து வைப்பார். ஒருநாள் டாக்டருடைய மூக்கைச் செய்து மருந்து அலமாரி மேல் காய வைத்திருந்தார். யாரும் சொல்லாமலே தெரிந்தது.

"இன்னா சிஸ்டர், மூக்கு இங்க காயுது... டாக்டர் ரவுண்ட்ஸுக்கு எத வச்சினு போவாரு?"

சிரித்துவிட்டு உடனே உடைத்துப் போட்டார். வேலை போய்விடும் இல்லையா.

இன்னொரு வேலையும் எங்கள் ரெண்டு பேருக்குத்தான் வரும். யாராவது இறந்துபோனால் கண்ணை மூடி, உடம்பைத் துடைத்து, மூக்கில் பஞ்சு வைத்து, வாய் திறந்துகொள்ளாமல் தாடையையும் தலையையும் சேர்த்துத் துணி கட்டி, வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுக்க வேண்டும். அரை மணி நேரம். அப்புறம் கையைக் கழுவிவிட்டு டீ குடிப்போம்.

ஒரு மழைக்காலத்தில் கனிஷ்கா என்று நாலு வயதுக் குழந்தை வந்தது. காய்ச்சல். மூன்றாம் நாள் காலையில் போய்விட்டது. அவளையும் நாங்கள்தான் துடைத்துக் கட்டினோம். அவள் அம்மா செல்வி வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. குழந்தையின் செருப்பை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பிறகு சிஸ்டருக்கு இடுப்பு வலி வந்து வேலையை விட்டார். சேலையூரில் வீட்டு மொட்டை மாடியில் களிமண்ணைக் கொட்டிக்கொண்டு சிலை செய்ய உட்கார்ந்துவிட்டார். கிறிஸ்துமஸ் குடிலுக்கு ஆடு, மாடு, ஒட்டகம் எல்லாம் அவர் கைதான்.

"ஒட்டகத்துக்கும் கால் ஒடஞ்சி போச்சா சிஸ்டர்? மாவுக்கட்டு போட்ட மாதிரியே கீது" என்பேன்.

"வாய மூடுடி சரோ."

ஞாயிற்றுக்கிழமை ஆனால் பெரும்பாக்கம் ஹவுசிங் போர்டு வீடுகளுக்குப் போவார். சுகர் புண்ணோடு மாடி இறங்க முடியாமல் கிடப்பவர்களுக்குக் கட்டு மாற்றிவிடுவார், காசு வாங்க மாட்டார். பை தூக்குவது நான். லிஃப்ட் பாதி நாள் ஓடாது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறாவது மாடியில் கதவைத் திறந்தது செல்வி.

பார்த்ததும் எங்களை அடையாளம் தெரிந்துகொண்டாள். மாமியார் காலுக்குக் கட்டுப் போட்டு முடிக்கும்வரை பக்கத்தில் நின்று காலைப் பிடித்துக்கொண்டாள். கிளம்பும்போதுதான் கேட்டாள்.

"நீங்க சிலை செய்றீங்களாமே சிஸ்டர். என் பொண்ணு மூஞ்சிய செஞ்சு தர முடியுமா?"

போட்டோ இருக்கிறதா என்று சிஸ்டர் கேட்டார்.

"ஆத்தங்கர வூட்டுல தண்ணி வந்தப்ப எல்லாம் போச்சு. ஆதார் கார்டுல கைக்கொழந்த... யார் வூட்டுக் கொழந்தனே தெரியாது. எனக்கே அவ மூஞ்சி மறந்துகினு வருது சிஸ்டர். நீங்கதான கடைசியா கிட்டக்க இருந்து பாத்தீங்க."

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்கும்மா" என்றார் சிஸ்டர்.

ஒரு மாதம் எடுத்தது. ஈரத்துணியில் சுற்றி ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுபோனோம். துணியைப் பிரித்தபோது எனக்கு அழகாகத்தான் தெரிந்தது... குழந்தை தூங்குகிற மாதிரி.

செல்வி ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது நீங்க துணில சுத்திக் குடுத்தீங்களே, அந்த மூஞ்சி சிஸ்டர். இது எனக்கு மறக்கல. இதான் முன்னாடி வந்து வந்து நின்னுகினு அவள மறைக்குது."

அப்புறம்தான் எனக்கும் கண்ணில் பட்டது. உதடு இறுக்கமாக மூடியிருந்தது. கன்னம் ரெண்டு பக்கமும் லேசாக மேலே ஏறியிருந்தது. சிஸ்டர் துணியை மட்டும்தான் செய்யவில்லை, தாடைக்கட்டு அப்படியே இருந்தது. அந்தக் கட்டை இறுக்கி முடிச்சுப் போட்டவள் நான்.

சிஸ்டர் ஈரத்துணியை எடுத்து மறுபடி மூடப் போனார். நான் சும்மா இருக்கிறவளா?

"ஏய் செல்வி, உன் பொண்ணு வாய மூடிகினு எப்பனா இருந்தாளா? எப்டி இருப்பா, நீயே காட்டேன்."

செல்வி காட்டினாள். மூக்கைச் சுருக்கி, முன்பல் தெரிய, எதையோ கேட்டு நச்சரிக்கிற மாதிரி. சிஸ்டர் அவள் தாடையைப் பிடித்து, ஜன்னல் பக்கம் திருப்பி, உதட்டை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். செல்வி முகத்தை மாற்றாமல் நின்றாள். கண்ணில் மட்டும் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது.

இரண்டாவது முகம் அப்படி வந்ததுதான். சுட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தோம். மடியில் வைத்துப் பார்த்தாள்.

"இது நான் காட்டின மாதிரி கீது. அவ இப்டித்தான் இருந்தாளானு தெரியல சிஸ்டர்."

"வேணும்னா இன்னொண்ணு செய்றேம்மா."

"வேணாம். இனிமே இதான் அவ."

முந்தானையில் சுற்றி உள்ளே எடுத்துப்போய்விட்டாள். முதல் முகத்தைச் சிஸ்டர் வீட்டுக்குக் கொண்டுவந்து தண்ணீர்த் தொட்டியில் போட்டார். கரைய ரெண்டு நாள் ஆனது.

ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் இப்போது ஒரு துணிக்கடை இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் கணக்குப் போட்டுப் பார்ப்பேன்... எத்தனை பேரைத் துடைத்துக் கட்டி அனுப்பியிருப்போம். சிஸ்டருக்காவது ஒரு முகம் தப்பாக ஞாபகம் இருந்தது. எனக்கு ஒன்றுகூட இல்லை. கனிஷ்கா என்றால் அவள் கவுனில் கழட்ட வராமல் படுத்திய பட்டன் மட்டும்தான் ஞாபகம்.

அப்போதெல்லாம் சீக்கிரம் முடிக்கிறவள்தான் கெட்டிக்காரி, அதில் நான் நம்பர் ஒன். இப்போது மேடவாக்கம் பஸ்ஸில் எதிர் சீட்டில் ஒரு குழந்தை அம்மாவிடம் எதையாவது கேட்டு நச்சரித்துக்கொண்டே வந்தால், அதையே பார்த்துக்கொண்டிருந்து என் ஸ்டாப்பை விட்டுவிடுகிறேன். கண்டக்டர் திட்டுகிறார்.